கைப்பிடி எந்தப் பக்கம்

சாமி,

இந்தக் கடிதம் உன் தூண்டில் ராடோடு அதே அலுமினியக் குழாய்க்குள் வருகிறது. மூடியைத் திருகி ராடை இழுத்தால் கூடவே சுருண்டு வந்து விழும். கசக்கி எறிவதானாலும் படித்துவிட்டு எறி. தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் முருகன் படம் போட்டு வணக்கம் அனுப்புவதைத் தவிர, உனக்கு நான் எழுதி அனுப்பியது எதுவும் இல்லை. அதுவும் நாலு வருடமாக ஒற்றை டிக்கோடு நிற்கிறது. ஒற்றை டிக் என்றால் என்ன அர்த்தம் என்று நான் யாரையும் கேட்கவில்லை. தெரியாமலா இருக்கிறது? ஆனாலும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். திருச்செங்கோட்டில் என்னைவிட ரோசக்காரன் கிடையாது என்று பேர். உன் விஷயத்தில் மட்டும் காலை ஆறு மணிக்கு அந்த ரோசம் வேலை செய்வதில்லை.

போன மாதம் உன் தங்கச்சி வந்திருந்தாள். நான் போர்வெல் யார்டிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்த நேரமாகப் பார்த்து, என் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அப்பா, அண்ணன் கனடா போகுதாமா. அடுத்த மாசக் கடைசில ஃப்ளைட்டு. அதுக்கு முன்னால அந்த மீன் ராடை மட்டும் பெங்களூர் பஸ்ஸுல போட்டு உடச் சொல்லுச்சு." ஊட்டுக்கு வரலியாமா என்று கேட்டேன். "ரீலு வேண்டாமாமா. அதான் இல்லியேன்னு சொல்லுச்சு," என்று மட்டும் சொன்னாள். பெங்களூர் இங்கிருந்து நாலரை மணி நேரம். நீ கனடா போவதில் எனக்கு வருத்தம் இல்லை. உன் வயதில் நான் போர் போடும் ரிக்கை ஓட்டிக்கொண்டு மத்தியப் பிரதேசம் வரை போனவன். நாலரை மணி நேரத் தூரத்துக்கு பஸ் பார்சலை நம்புகிறாய் பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதைவிட, ராடில் நூல் சுற்றி வைக்கிற அந்த ரீல் வேண்டாம் என்றது.

அந்த ராடை நீ வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். எங்கள் யார்டில் ராடு என்றால் போர் போடும்போது ரிக்கில் மாட்டுகிற இருபது அடி இரும்பு. நாலு பேர் சேர்ந்தால்தான் அசையும். நீ ஒரு துணிப் பையிலிருந்து நாலு துண்டுக் குச்சிகளை எடுத்து ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி என் உள்ளங்கையில் வைத்தாய். கையில் ஏதாவது இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இதில் புழு கோர்ப்பதில்லை, இறகிலும் நூலிலும் பூச்சி மாதிரி கட்டியதைத் தண்ணீர் மேல் வீசி மீனை ஏமாற்றுவது, கனமான நூல் தன் எடையிலேயே பூச்சியைக் கொண்டுபோகும் என்றெல்லாம் மூச்சு விடாமல் சொன்னாய். பிடித்த மீனை என்ன செய்வாய் என்று கேட்டேன். "திருப்பி ஆத்துலயே உட்டுருவேனுங்கப்பா," என்றாய். "உட்டுட்டு வாரதுக்கு எதுக்குடா ஆத்துக்குப் போகோணும்? நீ ஊட்டுலயே உக்காந்திருந்தாலும் மீனு ஆத்துலதான இருக்கும்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகு வந்தவர் போனவரிடமெல்லாம் அதையே சொன்னேன். பத்தாவது தடவை நீ சிரிப்பதை நிறுத்தியிருந்தாய். நான் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு நம் யார்டு மேனேஜர் வேலையை விட்டுப் போனதும் உன்னை ஊருக்குக் கூப்பிட்டுக்கொண்டேன். கூப்பிட்டேன் என்று எழுதுகிறேன். நீ வரமாட்டேன் என்று சொல்ல இடமே வைக்கவில்லை. மூன்று வருடம் யார்டைப் பார்த்தாய், குறை சொல்ல முடியாது. ரிக் லிவரின் நுனி உருண்டை எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே ரிக்கை ஓட்டிய ஆபரேட்டர் யார் என்று நான் சொல்வதை உனக்குக் கற்றுக்கொடுத்தேன். நீயும் கற்றுக்கொண்டாய். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடிந்ததும் பைக்கில் ராடைக் கட்டிக்கொண்டு ஜேடர்பாளையம் தாண்டிப் போய்விடுவாய். பள்ளிபாளையத்திலேயே காவிரி ஓடுகிறதே, அவ்வளவு தூரம் எதற்கு என்று கேட்டதற்கு, "அங்க ஆளுங்க இருப்பாங்கப்பா," என்றாய். ஆள் இல்லாத இடத்தில் உனக்கு என்ன வேலை என்று நினைத்துக்கொண்டேன். ஒரே ஒரு தடவை, "நீங்களும் வாரீங்களா?" என்று கேட்டாய். எனக்கு வேறு வேலை இல்லையா என்றேன். அன்று எனக்கு வேறு வேலை எதுவும் இல்லை என்பது உனக்கும் தெரியும்.

அந்த ஆயுத பூஜை விஷயத்தில் உனக்குத் தெரிந்தது ஒரு பாதிதான். மறு பாதியை நாலு வருடமாக விழுங்கி வைத்திருக்கிறேன், இப்போது சொல்லிவிடுகிறேன். நீ கம்ப்ரசர் ரிப்பேர் என்று ஆந்திரா போயிருந்தாய். உன் அம்மா ஒரு நாள் காப்பியைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். "ஏனுங்க, யார்டுல துருப்புடிச்ச ஸ்பேனருக்குக்கூடப் பொட்டு வெக்கறீங்க. பையன் ஒரு சாமானத்தை ஆசையா வெச்சிருக்கறான். அதை ஒரு நாளாச்சும் மதிச்சிருக்கறீங்களா?" என்றாள். எனக்கு உறைத்தது. உன் அறைக்குப் போய் ராடையும் ரீலையும் எடுத்துக்கொண்டு யார்டுக்கு வந்தேன். பூஜைக்கு முன் நம் யார்டில் எல்லாச் சாமானுக்கும் ஒரே முறைதானே: டீசலில் ஊறப்போட்டு அழுக்கெடுத்து, துடைத்து, கிரீஸ் அடித்து, சந்தனம் குங்குமம் வைப்பது. உன் ரீலுக்கும் அதையே செய்தேன். நூலோடு சேர்த்து முழுதாக ஒரு நாள் டீசல் தட்டில் போட்டேன். எடுத்து, கிரீஸ் கன்னை வைத்து, போகிற ஓட்டையிலெல்லாம் அடித்தேன். வழிந்ததை என் துண்டால் துடைத்தேன். ராடின் தக்கைப் பிடியில் சந்தனம் தடவி நடுவில் குங்குமம் வைத்தேன். வேறு ஒருவனையும் தொட விடவில்லை. சாமி படத்துக்கு நேர் கீழே, என் முதல் ரிக்கின் சாவி இருக்கும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். இத்தனை வருடத்தில் அந்த இடத்தில் வேறு எதையும் நான் வைத்ததில்லை.

நீ காலையில் வந்து இறங்கினாய். உன் முகம் மலரும் என்று பொரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். நீ ரீலை எடுத்துச் சுற்றினாய், சுற்றவில்லை. நூலை இழுத்தாய், மேல் தோல் உரிந்து விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. உள்ளே தக்கையில் பிரேக் இருந்ததாமே, அது ஊறிக் கூழாகியிருந்தது. "கேலி பண்றதுக்கு இதை வேற பூஜையில வெச்சீங்களாப்பா?" என்றாய். இல்லை சாமி, ஆசையாகத்தான் வைத்தேன் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் சுற்றி டிரைவர்களும் ஆபரேட்டர்களும் நின்றார்கள், நான் முதலாளி. "மீன் புடிக்கற குச்சிக்கு இத்தனை ரோசமா? போடா, போயி பூசணிக்காயை எடு," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ ராடிலிருந்து ரீலைக் கழற்றி, பழைய இரும்பு போடும் பீப்பாயில் போட்டாய். சொன்னபடி போய்ப் பூசணிக்காயையும் எடுத்து வந்தாய். மூன்றாம் நாள் பெங்களூருக்குப் போய்விட்டாய், ராடைக்கூட எடுத்துக்கொள்ளாமல். ரீல் அந்தப் பீப்பாயில் மேலாகவே ஒரு வாரம் கிடந்தது. கையை நீட்டினால் எடுத்திருக்கலாம். ஆட்கள் பார்ப்பார்களே என்று எடுக்கவில்லை. பழைய இரும்புக்காரன் வந்து மற்றதோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போனான்.

நீயும் லேசுப்பட்டவன் இல்லை. என் குற்றத்தை எழுத உட்கார்ந்தேன் என்பதற்காக உன்னுடையதை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபோது ரிப்போர்ட்டை அம்மாவிடம் கேட்டு வாங்கிப் படித்தாய். படுத்திருந்தவனிடம் இரண்டு வார்த்தை பேசவில்லை. தங்கச்சி கல்யாணத்துக்கு முகூர்த்த நேரத்துக்கு வந்து, பந்தி முடிந்ததும் கிளம்பினாய். மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெரியவர் உன்னைப் பந்தி ஆள் என்று நினைத்துத் தண்ணீர் கேட்டாராம், நீயும் ஊற்றினாயாம். பெண்ணுக்கு அண்ணன் என்று சொல்லக்கூட உனக்கு வாய் வரவில்லை. அந்தக் கல்யாண போட்டோவில் எனக்கும் உனக்கும் நடுவில் இன்னொரு ஆள் நிற்கலாம். வீட்டுக் கூடத்தில் அதைத்தான் மாட்டியிருக்கிறார்கள், தினமும் பார்க்கிறேன். எனக்குக் கோபம் தணிந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ரீல் வேண்டாம் என்று நீ சொல்லியனுப்பியதும் எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. நான் கெடுத்ததை நானே வாங்கி மாட்டித்தான் அனுப்புவேன் என்று உட்கார்ந்தேன். மருமகனுக்கா பேரனுக்கா என்று கடையில் கேட்கிற வயதில் செல்போனில் மீன் ரீல் தேடினேன். ராடின் அடியில் பொடி எழுத்தில் நாலு என்று போட்டிருந்ததைப் பார்த்தேன். ஏதோ மாடல் நம்பர் என்று விட்டுவிட்டேன். நம் தொழிலில் எதை மாற்றினாலும் ஒரு சைஸ் கூடப் போட்டுத்தானே பழக்கம்? எட்டாம் நம்பர் ரீல் ஒன்று, பார்க்கவே ஜம்மென்று, பல்சக்கரம் மாதிரி இருந்தது. அதை வரவழைத்தேன். மாட்டிப் பிடித்தால் குச்சியின் நுனி வானத்தைப் பார்க்கிறது, அடி தரையைப் பார்க்கிறது. மொட்டை மாடியில் நின்று கொஞ்ச நேரம் ஆட்டிப் பார்த்ததிலேயே மணிக்கட்டு விண்ணென்று வலித்தது. துணி காயப்போட வந்த உன் அம்மா, "அந்தக் குச்சிக்கு அத்தாம்பெரிய பாரமா?" என்றாள். ரீலைத்தான் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

அப்புறம்தான் பெங்களூரில் இந்த மாதிரித் தூண்டில் மட்டும் விற்கிற ஒரு கடையின் நம்பரைப் பிடித்தேன். ஒரு பெண் எடுத்தாள். நல்லவேளையாகத் தமிழ் பேசினாள். நான் எட்டாம் நம்பர் வாங்கிய கதையைச் சொன்னதும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள் என்பது போனிலேயே தெரிந்தது. "ராடுல நாலுன்னு போட்டிருந்தா நாலாம் நம்பர் லைன், அதாவது நூல் சார். அதுக்கு ஏத்த சின்ன ரீல்தான் வேணும். எட்டு கடல்ல வீசறவங்களுக்கு," என்றாள். ஸ்ட்ராங்காக இருக்கட்டும் என்று பார்த்தேன் என்றேன். "ஸ்ட்ராங் வேண்டாம் சார். இதுல ரீலுக்குப் பெரிய வேலை கிடையாது. லைனைப் பத்திரமா வெச்சிருக்கணும். மீன் ஓடினா தடங்கலில்லாம விட்டுக்கொடுக்கணும். இறுக்கிப் பிடிச்சா நூல் அறுந்துடும். புடிக்கிறவங்க கையில அது இருக்கறதே தெரியக் கூடாது, அவ்வளவுதான்." அவள் ரீலைப் பற்றித்தான் சொன்னாள். நான் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

தக்கைப் பிடியின் முன்முனைக்குக் கீழே ஒரு விரலைக் கொடுத்தால் ராடு இந்தப் பக்கமும் சாயாமல் அந்தப் பக்கமும் சாயாமல் நிற்க வேண்டும், அந்த அளவு எடைதான் ரீல் என்றாள். அது எனக்குப் புரிந்த பாஷை. யார்டிலிருந்து சின்ன நட்டுகளைக் கொண்டுவந்து, ஒரு துணியில் முடிந்து, ரீல் மாட்டுகிற இடத்தில் கட்டினேன். ஒவ்வொன்றாகப் போட்டு, எடுத்து, ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, ராடு என் விரலில் சமமாக நிற்கும்வரை பார்த்தேன். நட்டுகளை அடுப்படித் தராசில் வைத்து எடையைப் போனில் சொன்னேன். "இப்படி யாரும் பார்த்துச் சொன்னதில்ல சார்," என்றாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, மறைப்பானேன். நூலோடு சேர்த்து அந்த எடைக்குள் வருகிற மாதிரி ஒன்றை அவளே தேர்ந்தெடுத்தாள். சாம்பல் நிறம், உடம்பெல்லாம் ஓட்டை, தண்ணீர் நிற்காது. பிரேக்கை மூடி சீல் வைத்திருக்கிறார்களாம், எந்த மடையன் டீசலில் போட்டாலும் சட்டென்று கெடாதாம். மடையன் என்று அவள் சொல்லவில்லை, நான் சேர்த்துக்கொண்டது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது கேட்டாள்: "கடைசியா ஒண்ணு சார். கைப்பிடி எந்தப் பக்கம் மாட்டறது?" எனக்கு விளங்கவில்லை. ஒரு கையால் ராடை வீச வேண்டும், மற்றக் கையால் ரீலைச் சுற்ற வேண்டும் என்று விளக்கினாள். வலது கையால் வீசுகிறவர்களுக்குப் பெரும்பாலும் சுற்றுகிற கைப்பிடி இடப்பக்கம். இடது கையால் வீசுகிறவர்களுக்கு வலப்பக்கம். அதற்கேற்ற மாதிரி உள்ளே திருப்பிப் போட்டு, நூலையும் அந்தத் திசையில்தான் சுற்ற வேண்டும். "உங்க பையன் எந்தக் கையில வீசுவாரு?" என்றாள். வலது கைதான் என்று வாய் வரை வந்துவிட்டது. அதற்கு மேல் வரவில்லை. இரண்டு நாளில் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

ஏன் வரவில்லை என்று உனக்குத் தெரியும், தெரியாமல் இருக்காது. நீ பிறவியில் வலது கைக்காரன் இல்லை. தவழும்போதே எதையும் இடது கையால்தான் எட்டி எடுப்பாய். நாலு வயதில் ஒரு நாள், புது ரிக்குக்குச் சாவி கொடுக்கும்போது உன்னை முன்னால் நிறுத்தினேன். நீ இடது கையை நீட்டி வாங்கினாய். அந்த வருடம் போட்ட போரெல்லாம் வெறும் புழுதியாகப் புகைந்துகொண்டு வந்தது, சொட்டுத் தண்ணீர் இல்லை. சாவி வாங்கிய கைதான் காரணம் என்று பங்காளிகள் சொன்னார்கள். நானும் நம்பினேன். அதற்குப் பிறகு ஒரு வருடம், நீ சாப்பிட உட்காரும்போதெல்லாம் உன் இடது மணிக்கட்டை ஒரு துணியால் உன் அரைஞாண் கயிற்றோடு சேர்த்துக் கட்டினேன். வலது கையால் அள்ளிய சோறு பாதி வழியில் சிந்தும். உன் அம்மா அடுப்படியில் நின்று அழுவாள். பள்ளிக்கூடத்தில், இடது கையில் பென்சில் பிடித்தால் முட்டியில் அடிங்க சார் என்று நானே சொல்லிவிட்டு வந்தேன். பின்னால் உன் கையெழுத்து கோழிக் கிறுக்கல் என்று அதற்கும் அடித்தேன். இதையெல்லாம்கூட அந்தக் காலத்து அறியாமை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். ஒன்றை மட்டும் தப்பிக்க முடியவில்லை. கொஞ்ச நாள் போனதும் நீ அழுவதை நிறுத்திவிட்டாய். தட்டு வைத்ததும் நீயே என் முன்னால் வந்து, கட்டுங்கள் என்று இடது கையை நீட்டிக்கொண்டு நின்றாய். அதை நான் கல்யாண வீட்டிலும் காது குத்திலும் சொல்லிப் பெருமைப்பட்டேன். பையன் எவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்கிறான் பாருங்கள் என்று.

அப்படியானால் நீ எந்தக் கையால் தூண்டில் வீசுகிறாய்? எனக்குத் தெரியவில்லை. பெற்று வளர்த்த பிள்ளை, முப்பத்தொரு வயது, மூன்று வருடம் ஞாயிறு தவறாமல் போய் வீசியிருக்கிறாய், நான் ஒரு நாள் வந்து பார்க்கவில்லை. போட்டோ இருக்கிறதா என்று தங்கச்சியிடம் கேட்டேன். ஒன்றே ஒன்று வைத்திருந்தாள், அதில் ராடை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் மீனைப் பிடித்திருக்கிறாய். உனக்குத் தெரியாதா என்று அவளைக் கேட்டேன். "எனக்கு எப்படிங்கப்பா தெரியும்? பொம்பளப் புள்ளைக்கு ஆத்துல என்ன வேலைன்னு என்னைய எங்க உட்டீங்க நீங்க?" என்றாள். அன்று பூஜையில் நீ ரீலைக் கழற்றிப் பீப்பாயில் போட்டாயே, அது எந்தக் கையால் என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். வலது கையால்தான். அவ்வளவு கோபத்திலும் வலது கை. என் கண்ணெதிரில் நீ எப்போதும் வலது கைக்காரனாகத்தான் இருந்திருக்கிறாய். தங்கச்சி மூலமாக உன்னிடமே கேட்டிருக்கலாம். எந்தக் கை என்று உன்னிடம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

கடைசியில் உன் அம்மாவிடம் போனேன். அவளுக்குத் தெரியும் என்பது கேட்டதுமே அவள் முகத்தில் தெரிந்தது. கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கோணும்," என்றாள். நீயாவது சொல்லேன் என்றேன். "சொல்ல மாட்டேனுங்க. கையைக் கட்டினவருதான கண்டுபுடிக்கோணும்," என்று சொல்லிவிட்டு மறுபடி கரண்டியை எடுத்துக்கொண்டாள். முப்பத்து மூன்று வருட வாழ்க்கையில் அவள் என்னை எதிர்த்து மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. என்னால் கோபப்பட முடியவில்லை.

மறுநாள் ராடை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். தக்கைப் பிடியில் நான் அன்று தடவிய சந்தனம் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது, நடுவில் குங்குமம் கறுத்துப் போயிருந்தது. நீ துடைக்காமலே வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். ஈரத் துணியால் மெதுவாக ஒற்றி ஒற்றி எடுத்தேன். அதற்கு அடியில் தக்கை தேய்ந்திருந்தது. மேலே கட்டைவிரல் அழுந்திய ஒரு குழி. பக்கத்தில் விரல் நுனிகள் பட்டுப் பட்டுக் கறுத்த தடங்கள், வரிசையாக. லிவர் உருண்டையைப் பார்த்து ஆபரேட்டரைச் சொல்கிறவன், என் வீட்டு பீரோ மேல் நாலு வருடமாக இருந்ததை ஒரு நாளும் இப்படி உற்றுப் பார்த்ததில்லை. ரீல் மாட்டுகிற பக்கத்தைக் கீழே வைத்து, என் வலது கையால் பிடித்துப் பார்த்தேன். தடங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, என் விரல்கள் எதிர்ப்பக்கம் போய் நின்றன. தடங்கள் இருந்த இடத்தில் என் உள்ளங்கை இருந்தது. ராடைக் கை மாற்றினேன். இடது கையால் பிடித்தேன். கட்டைவிரல் குழியில் போய் உட்கார்ந்தது. நாலு விரல் நுனிகளும் நாலு தடத்தின் மேல் நின்றன.

ஆள் இல்லாத இடம் உனக்கு எதற்கு என்று நினைத்தேனே, அதற்கு அந்தத் தக்கை பதில் சொல்லிவிட்டது. வாரம் ஒரு நாள், என் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போய், நான் கட்டியதை நீயே அவிழ்த்திருக்கிறாய். இந்த ஊரில் உனக்கென்று இருந்த ஒரே இடம் அதுதான். மதிக்கிறேன் பேர்வழி என்று அதற்குள்ளும் வந்து கிரீஸ் அடித்துவிட்டேன். நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. மன்னித்தால் சந்தோஷப்படுவேன், அது வேறு. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, எதையாவது எட்டி எடுத்தால், எந்தக் கையால் எடுக்கிறது என்று பார். பார்த்துவிட்டுச் சும்மா இரு. அப்பனாக எனக்குத் தெரிந்த ஒரே புத்திமதி இதுதான், இதுவும் போன வாரம் கற்றுக்கொண்டது.

கடைப் பெண்ணுக்குப் போன் செய்து, இடது கையால் வீசுவான், கைப்பிடி வலப்பக்கம் என்று சொன்னேன். "நிச்சயமா தெரியுங்களா சார்?" என்றாள். தெரியும் என்றேன். அவளே நூல் சுற்றி அனுப்பினாள். நேற்று வந்தது. மாட்டி ஒரு விரலில் வைத்துப் பார்த்தேன், ராடு சமமாக நிற்கிறது. ஒரு சொட்டு எண்ணெய்கூட நான் வைக்கவில்லை. பார்சல் கட்டும்போது உன் அம்மா வந்து ரீலைத் திருப்பிக் கைப்பிடியைப் பார்த்தாள். சரியா என்று கேட்டேன். "இதைக் கண்டுபுடிக்க இருபத்தேழு வருசம் ஆச்சுங்க உங்களுக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நாளைக் காலையில் சங்ககிரி பைபாஸில் நானே நின்று பெங்களூர் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். டிரைவர் நமக்குத் தெரிந்தவர்தான், மேலே எதையும் அடுக்க வேண்டாம் என்று சொல்கிறேன்.

நான் வாங்கிய ரீல் உனக்கு வேண்டாம் என்று தோன்றினால் வைத்துக்கொள்ள வேண்டாம். அங்கேயே கழற்றி எறிந்துவிடு, ஏன் என்று கேட்க மாட்டேன். ஆனால் எறிவதானால் இடது கையால் எறி.

அப்பா